ஒரே பாட்டுக்கு இரண்டு உருவம், ஒரே நாவலுக்கு இரண்டு முடிவு: எதை அசல் என்பது?

பழைய பாப் இசை, பழைய திரைப்படங்கள், பழைய நாவல்கள் என்று மூன்றிலும் ஒருசேர மூழ்கிக் கிடக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஒரே பாட்டு இரண்டு ஆல்பங்களில் இரண்டு விதமாக ஒலிக்கிறது, ஒரே படம் மூன்று நீளங்களில் கிடைக்கிறது, ஒரே நாவலுக்கு இரண்டு முடிவுகள் உண்டு என்கிறார்கள், இவற்றில் எது அசல், எதை முதலில் எடுத்துக்கொள்வது? மேலோட்டமாகப் பார்த்தால் பட்டியல் கேட்பதுபோல் இருக்கிறது. ஆனால் கேள்வியின் கடைசி வரியில் அவருடைய உண்மையான கவலை வெளிப்பட்டுவிடுகிறது: “ரீமாஸ்டர் என்று விற்பதெல்லாம் ஏமாற்றா?” தான் இத்தனை நாள் நேசித்தது அந்தக் கலைஞர்கள் செய்த பொருளையா, இல்லை பின்னால் வந்த யாரோ பூசி மெழுகிக் கொடுத்ததையா என்று அவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. ரசிகர்களில் பெரும்பாலோர் இதைக் கேட்காமலே காலத்தை ஓட்டிவிடுகிறார்கள்.

என் தொழில் பழைய ஒலிநாடாக்களை டிஜிட்டலுக்கு மாற்றுவதும் மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலித்திருத்தம்) செய்வதும். ஆகவே இசையைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் நம்பலாம். படச்சுருள் மீட்பில் என் பங்கு ஒலித்தடத்தோடு முடிந்துவிடும். பிம்பத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பக்கத்து அறையில் வேலை செய்தவர்களிடம் கற்றது. நாவல்களில் நான் வெறும் வாசகன், பதிப்பாசிரியன் அல்லன். பதிலை அந்த அளவுகோலோடு படியுங்கள்.

முதலில் சுருக்கமாக: ‘அசல்’ என்று ஒரே ஒரு பொருள் எங்கோ பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு வடிவத்தையும் பார்த்து இரண்டு கேள்விகள் கேளுங்கள். இது இறுதி செய்யப்பட்டபோது அந்த அறையில் யார் இருந்தார்கள்? எந்தக் கருவியில் கேட்பவருக்காக, எந்தத் திரையில் பார்ப்பவருக்காக, எந்த வாசகருக்காக இதை முடித்தார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் எதை முதலில் எடுப்பது என்பது பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும். நம்மிடம் இது புதிய வேலையும் அன்று. உ.வே.சாமிநாதையர் ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் (பிரதிக்குப் பிரதி மாறும் சொற்கள்) குறித்தாரே, அதே வேலையை ஓலைக்குப் பதில் காந்தநாடாவில் செய்கிறார்கள், அவ்வளவுதான். பாடபேதம் இருப்பதால் நூல் போலியாகிவிடாது. எந்தப் பாடம் எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் அச்சிடுவதுதான் குற்றம்.

இசையில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பிரிட்டிஷ் இசைக்குழுவான பீட்டில்ஸைவிட நல்ல உதாரணம் இல்லை, ஏனென்றால் அவர்களுடைய பதிவுகளைப் போல் நாள்வாரியாக ஆராயப்பட்ட பதிவுகள் வேறு இல்லை. 1963 பிப்ரவரி 11 அன்று லண்டன் அபே ரோட்டில் உள்ள இ.எம்.ஐ. ஸ்டுடியோவில் ஒரே நாளில் தங்கள் முதல் ஆல்பத்துக்காகப் பத்துப் பாடல்களைப் பதிவு செய்தார்கள். பயன்படுத்தியது இரண்டு தடங்கள் மட்டுமே உள்ள டேப் இயந்திரம். ஒரு தடத்தில் வாத்தியங்கள், இன்னொன்றில் குரல்கள். இப்படிப் பிரித்து வைத்தது, பிறகு மோனோவாக (ஒரே தடமாக) சேர்க்கும்போது குரலைச் சற்று ஏற்றவோ இறக்கவோ வசதியாக இருக்கட்டும் என்பதற்காக. அதையே அப்படியே ஸ்டீரியோவாக (இடம், வலம் என இரு தடங்களாக) வெளியிட்டதால்தான் இன்று நீங்கள் ஹெட்போன் மாட்டிக் கேட்டால் ஒரு காதில் பாட்டும் மறு காதில் கிட்டாரும் தனித்தனியாக நிற்கின்றன. “பழைய பாட்டு என்றால் இப்படித்தான் விசித்திரமாக இருக்கும்” என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது அக்காலத்து அழகியலே அன்று. வேலைக்காகப் போட்ட சாரத்தைக் கட்டடம் என்று எண்ணிவிட்ட கதை. அப்போது பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளில் இருந்தவை மோனோ கருவிகள். இசைக்குழுவும் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் மெனக்கெட்டது மோனோவுக்குத்தான்.

1967இல் வந்த ‘சார்ஜென்ட் பெப்பர்’ வரைக்கும் இந்த நிலைதான். மோனோ மிக்ஸ் (தடங்களை ஒலியளவு பார்த்துச் சேர்க்கும் வேலை) நடக்கும்போது குழுவினர் கூடவே இருந்தார்கள். ஸ்டீரியோ மிக்ஸைப் பொறியாளர்கள் பின்னர் சில நாட்களில் முடித்துவிட்டார்கள், குழுவினர் யாரும் பக்கத்தில் இல்லாமலே. இரண்டையும் வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். ‘ஷீ இஸ் லீவிங் ஹோம்’ பாட்டு மோனோவில் சற்று வேகமாகவும் சுருதி ஏறியும் ஒலிக்கும்; ஸ்டீரியோவில் தளர்ந்து, கொஞ்சம் இழுவையாக இருக்கும். அடுத்த ஆண்டு வந்த ‘தி பீட்டில்ஸ்’ என்ற இரட்டை ஆல்பத்தில் ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ ஸ்டீரியோவில் மறைந்து, மீண்டும் எழும்பி, கடைசியில் விரல்களில் கொப்புளம் என்று டிரம்ஸ் வாசித்த ரிங்கோ கத்துவதோடு முடிகிறது. மோனோவில் அந்தக் கத்தலே கிடையாது. ஆக, அந்தக் கத்தலுக்காகவே பாட்டை நேசிப்பவருக்கு மோனோதான் அசல் என்று நான் பாடம் நடத்தினால் அவர் என்னை அடிக்க வருவார், அதில் தவறும் இல்லை.

அதனால் என் பரிந்துரை இப்படி: 1967 வரையிலான பீட்டில்ஸை முதலில் மோனோவில் கேளுங்கள். 1968இன் இரட்டை ஆல்பத்தை எப்படியும் கேளுங்கள், இரண்டும் கேட்கத் தகுந்தவை. 1969 முதல் வந்த ஆல்பங்களுக்கு ஸ்டீரியோ மட்டும்தான். இதில் ஒரு சூட்சுமம் உண்டு, நீண்டகால ரசிகர்களே தவறவிடுவது. ‘ஹெல்ப்’, ‘ரப்பர் சோல்’ ஆகிய இரண்டு 1965 ஆல்பங்களும் 1987இல் சி.டி.யாக வந்தபோது ஜார்ஜ் மார்ட்டின் அவற்றின் ஸ்டீரியோவைப் புதிதாக மிக்ஸ் செய்தார். 2009 செப்டம்பரில் வெளியான ஸ்டீரியோ ரீமாஸ்டர்களில் இருப்பது அந்த மறுமிக்ஸ்தான். 1965இன் ஸ்டீரியோ மிக்ஸ் வேண்டுமென்றால் 2009இலேயே வந்த மோனோ பெட்டித் தொகுப்பில்தான் தேட வேண்டும்! மோனோ பெட்டியில் ஸ்டீரியோவை ஒளித்து வைத்த அந்த மனிதர் யாராக இருந்தாலும் அவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வது அவசியம், ஏனென்றால் விளம்பரங்கள் வேண்டுமென்றே குழப்புகின்றன. ரீமாஸ்டர் என்றால் முடிந்துபோன மிக்ஸ் நாடாவை எடுத்து, அதன் ஒலியளவையும் அதிர்வெண் சமநிலையையும் திருத்துவது, இரைச்சலைக் குறைப்பது. கிட்டாரைக் குரலிலிருந்து பிரித்து ஏற்றவோ இறக்கவோ அங்கே முடியாது. ரீமிக்ஸ் என்றால் பல தடங்கள் உள்ள மூலநாடாவுக்கே திரும்பிப் போய், ஒவ்வொரு வாத்தியத்தையும் புதிதாக அமர்த்துவது. முதலாவது, பழைய முடிவுகளை மதிக்கிறது. இரண்டாவது, புதிய முடிவுகளை எடுக்கிறது. ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பத்துக்கு 2017இல் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் செய்தது ரீமிக்ஸ். அதை நான் விரும்பிக் கேட்கிறேன். ஆனால் அது 2017இன் கேட்பு, 1967இனுடையது அன்று. 2022இல் ‘ரிவால்வர்’ வந்தபோது இன்னும் ஒரு படி போனார்கள். திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய இயந்திரக் கற்றல் மென்பொருளைக் கொண்டு, ஒரே தடத்தில் ஒன்றாகப் பதிந்துபோன டிரம்ஸையும் கிட்டாரையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். 2023 நவம்பரில் வெளிவந்த ‘நவ் அண்ட் தென்’ பாட்டில் பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனானின் குரலை ஒரு பழைய கேசட்டின் பியானோ ஒலியிலிருந்து உரித்தெடுத்தது இதே வழியில்தான். இப்படிப் பிரித்த குரலில் எவ்வளவு அவர் தொண்டையிலிருந்து வந்தது, எவ்வளவு மென்பொருள் யூகித்து நிரப்பியது என்று நேர்க்கோடு போட்டுச் சொல்ல என்னால் ஆகாது. காதுக்கு நன்றாக இருக்கிறது. அதற்கு மேல் சத்தியம் செய்யச் சொல்லாதீர்கள்.

மோனோவை நான் தூக்கிப்பிடிப்பது பழைமை மோகத்தால் அல்ல என்பதற்கு அமெரிக்கக் குழுவான பீச் பாய்ஸின் ‘பெட் சவுண்ட்ஸ்’ சாட்சி. 1966இல் வந்த ஆல்பம். அதைச் செதுக்கிய பிரையன் வில்சனுக்கு வலது காது கிட்டத்தட்டக் கேட்டதில்லை. அவர் கேட்ட உலகமே ஒரு காதின் உலகம். அந்த ஆல்பமும் மோனோவாகவே வடிவமைக்கப்பட்டது. வாத்தியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உருகி, எது அக்கார்டியன் எது ஆர்கன் என்று பிரிக்க முடியாதபடி புதிதாக ஒரு நிறம் உண்டாகும். 1997இல் வெளியான தொகுப்பில் முதன்முறையாக முழு ஸ்டீரியோ மிக்ஸ் வந்தது. வில்சனின் ஒப்புதலோடு வந்ததுதான். கேட்டால், கண்ணாடியைத் துடைத்ததுபோல் ஒவ்வொரு வாத்தியமும் துலங்குகிறது. ஆனால் அந்த உருகல் போய்விடுகிறது. படிப்பதற்கு ஸ்டீரியோ, கேட்பதற்கு மோனோ என்பது என் கட்சி. மறுகட்சியிலும் நல்ல காதுள்ளவர்கள் இருக்கிறார்கள்.

இதே ஆல்பத்தின் பிறப்பில் உங்கள் கேள்வியைச் சிக்கலாக்கும் ஒரு செய்தியும் இருக்கிறது. வில்சனை உசுப்பிவிட்டது ‘ரப்பர் சோல்’ என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் அமெரிக்காவில் அன்று விற்ற ‘ரப்பர் சோல்’, பீட்டில்ஸ் லண்டனில் கட்டிய ஆல்பம் அன்று. அங்கே வெளியிட்ட கேபிடல் நிறுவனம் நான்கு பாடல்களை உருவி, முந்தைய ஆல்பத்தில் மிச்சமிருந்த இரண்டைச் செருகி, பதினான்கைப் பன்னிரண்டாக்கி வெளியிட்டிருந்தது. முதல் பாட்டே வேறு. ஒரு வியாபாரக் கணக்கால் வெட்டி ஒட்டப்பட்ட பொருள், கேட்பதற்கு ஒரே மனநிலையில் ஓடும் நாட்டுப்புற இசை ஆல்பம்போல் அமைந்துவிட்டது. முழுக்க ஒரே தரத்தில் ஓர் ஆல்பம் சாத்தியம் என்ற எண்ணத்தை வில்சனுக்குக் கொடுத்ததும் அதுதான். ‘போலி’ வடிவம்தான் வரலாற்றை நகர்த்தியிருக்கிறது. ஆகவே நீங்கள் சிறுவயதில் எந்தப் பிரதியைக் கேட்டு வளர்ந்தீர்களோ அதை வெட்கப்பட்டு ஒதுக்க வேண்டிய தேவை இல்லை.

ரீமாஸ்டர் ஏமாற்றா என்ற கேள்விக்கு வருகிறேன். சில ஏமாற்று, சில நேர்மையான உழைப்பு, பல இரண்டுக்கும் நடுவே. உறுதியாகச் சொல்லக்கூடியது இது: இசைத்தட்டில் ஒலியளவுக்குப் பௌதிக எல்லை உண்டு, தாழ்ந்த சுருதி பலமாக இருந்தால் வரிப்பள்ளம் அகலமாகும், ஒரு பக்கத்தில் அடங்கும் நேரம் குறையும். சி.டி.யில் அந்தத் தடை இல்லை. 1990களின் நடுவிலிருந்து, பக்கத்து ஆல்பத்தைவிடச் சத்தமாக ஒலிக்க வேண்டும் என்ற போட்டியில், மெல்லிய இடங்களைத் தூக்கி உரத்த இடங்களின் தலையைத் தட்டிச் சமன்செய்யும் பழக்கம் வந்தது. பழைய பதிவுகளின் மறுவெளியீடுகளும் இதில் சிக்கின. ஒரு பாட்டு மெல்லத் தொடங்கிக் கடைசி நிமிடத்தில் வெடிக்க வேண்டும் என்று திட்டமிடப்பட்டிருந்தால், சமன்செய்த பிரதியில் வெடிக்க இடமே இருக்காது. அதனால் சில 1980களின் சி.டி.க்கள், தகர ஒலி என்று கேலி செய்யப்பட்டவை, இன்று தேடி வாங்கப்படுகின்றன. ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இரண்டு பிரதிகளின் ஒலியளவையும் காதுக்குச் சமமாக வைத்துக்கொண்டு கேளுங்கள். துளியளவு உரக்க ஒலிப்பது எதுவோ அதுவே தெளிவானது, செழுமையானது என்று நம் காது தீர்ப்பு எழுதிவிடும். தொழிலில் பழுத்தவர்களையும் இது கவிழ்க்கிறது. விற்பனையாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

பழைய பிரதியே எப்போதும் சரி என்றும் நினைக்க வேண்டாம். பாப் எல்லையைக் கொஞ்சம் தாண்டி ஜாஸுக்குப் போனால், மைல்ஸ் டேவிஸின் 1959 ஆல்பமான ‘கைண்ட் ஆஃப் புளூ’ இருக்கிறது. முதல் பதிவு நாளன்று பிரதான டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய இயந்திரத்தில் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறும். இசைத்தட்டின் முதல் பக்கம் முழுவதும், மூன்று பாடல்கள், முப்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே விற்றன. கூடவே ஓடிய மாற்று இயந்திரத்தின் நாடாவைக் கொண்டு 1990களில்தான் திருத்தினார்கள். இங்கே ‘முதல் பதிப்பு’ என்பது தவறான பதிப்பு. வாசித்தவர்கள் வாசித்த சுருதி ரீமாஸ்டரில்தான் இருக்கிறது.

நாடாக்களின் உடல்நிலையும் நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறு. 1960களின் நாடாக்கள் பெரும்பாலும் ஒழுங்காக ஓடுகின்றன. தொல்லை கொடுப்பவை 1970களின் நடுவிலிருந்து 80கள் வரை வந்த சில வகைகள். காந்தத் துகள்களைப் பிடித்து வைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். ஓட்டினால் கீச்சிட்டுக்கொண்டு துகள் உதிர்ந்து கருவியின் தலையில் அப்பிக்கொள்ளும். அவற்றை ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் வாட்டி எடுத்தால் கொஞ்ச காலத்துக்கு ஓடும் நிலைக்கு வரும். அந்த அவகாசத்தில் பதிவை எடுத்துவிட வேண்டும். தீக்கு மட்டும் மருந்தில்லை. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட் யுனிவர்சல் வளாகத்தில் ஏற்பட்ட தீயில் மூலநாடாக்கள் எரிந்தது உறுதி. எவ்வளவு என்பதில் 2019இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியதும் நிறுவனம் சொன்னதும் ஒத்துப்போகவில்லை. ஆகவே ஒரு மறுவெளியீட்டில் ‘மூலநாடாவிலிருந்து’ என்று அச்சிட்டிருந்தால், எந்த மூலநாடா, எங்கிருந்து எடுத்தது என்று உள்ளே எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். எழுதியிருந்தால் நம்பலாம். வாய்மூடியிருந்தால் நான் சந்தேகப்படுவேன்.

திரைப்படத்தில் கதை வேறு. பாட்டை யாரும் பாதியில் பறித்துக்கொண்டு போய்ச் சுருக்குவது அரிது. படத்தை அப்படிச் செய்வது வாடிக்கையாகவே இருந்தது. ஃப்ரிட்ஸ் லாங்கின் மௌனப்படமான ‘மெட்ரோபொலிஸ்’ 1927 ஜனவரியில் பெர்லினில் முழுநீளத்தில் திரையிடப்பட்டது. சில மாதங்களிலேயே வெட்டப்பட்டுவிட்டது. எண்பது ஆண்டுகள் உலகம் பார்த்தது குறைப்படத்தைத்தான். ‘கிளாசிக்’ என்று கொண்டாடியதும் அதைத்தான். 2008இல் புவெனஸ் அயர்ஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில் 16 மி.மீ. பிரதி ஒன்று அகப்பட்டது. கீறல்கள் நிறைந்த அந்தப் பிரதியிலிருந்து ஏறத்தாழ 25 நிமிடங்களை மீட்டு 2010இல் வெளியிட்டார்கள். அந்தப் பகுதிகள் வரும்போது பிம்பம் சட்டென்று மங்கி மழைபெய்வதுபோல் கோடுகள் ஓடும். அதை மறைக்க முயலாமல் விட்டதுதான் அந்த மீட்பின் நேர்மை. இந்தப் படத்தை 2010 வடிவத்தில் மட்டுமே பாருங்கள். அதுவும் முழுமை அன்று. சில காட்சிகளுக்குப் பதில் விளக்க எழுத்துகள்தான் வரும். எந்த வேகத்தில் ஓட்டுவது என்ற சண்டையும் ஓயவில்லை, ஏனென்றால் மௌனப்படக் காலத்தில் ஓட்ட வேகம் எங்கும் ஒன்றாக இருந்ததில்லை.

இப்படிக் கிடைத்ததே பேறு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1912 முதல் 1929 வரை அங்கே வெளியான முழுநீள மௌனப்படங்களில் 14 விழுக்காடுதான் முதலில் வெளியான வடிவத்திலேயே எஞ்சியிருக்கிறது. 1950களின் தொடக்கம் வரை பயன்பட்ட நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பிடிக்கும், தானாகவே அழுகும். பேசும்படம் வந்த பிறகு மௌனப்படத்துக்கு விலை இல்லை என்று தெரிந்தே கொளுத்தியதும் உண்டு. இயக்குநர் ஆர்சன் வெல்ஸின் 1942ஆம் ஆண்டுப் படமான ‘தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்’, அவர் பிரேசிலில் இருந்தபோது நாற்பது நிமிடங்களுக்கு மேல் வெட்டப்பட்டது. வெட்டிய சுருளை ஸ்டுடியோ அழித்துவிட்டது. எஞ்சியதைப் பார்க்கும்போதே தொண்டை அடைக்கிறது. எந்த ரீமாஸ்டரும் அங்கே உதவாது.

அதே வெல்ஸின் 1958 படமான ‘டச் ஆஃப் ஈவில்’ இன்னும் சுவையானது. ஸ்டுடியோ மாற்றிய படத்தைப் பார்த்துவிட்டு அவர் 58 பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். அப்போது பெரும்பகுதியைக் கண்டுகொள்ளவில்லை. அவர் இறந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1998இல் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் அந்தக் குறிப்பைப் பின்பற்றி மறுபடி தொகுத்தார். தொடக்கத்தில் வரும் அந்தப் புகழ்பெற்ற நீண்ட ஷாட்டின் மேலிருந்த எழுத்துகளையும் ஹென்றி மான்சினியின் இசையையும் நீக்கிவிட்டு, தெருவில் கடந்துபோகும் கார் ரேடியோக்கள், கடைவாசல் பாட்டுகள் ஆகியவற்றின் ஒலியை நிரப்பினார். ஒலிக்காரனாக நான் அதற்கு அடிமை. ஆனாலும் அதை ‘இயக்குநர் வடிவம்’ என்று சொல்ல மாட்டேன். அறையில் வெல்ஸ் இல்லை, அவர் எழுதிய காகிதம்தான் இருந்தது.

‘இயக்குநர் வடிவம்’ என்ற முத்திரையையே அப்படியே விழுங்காதீர்கள். ‘பிளேட் ரன்னர்’ 1982இல் பின்னணிக் குரலோடும், ஒட்டவைத்த மகிழ்ச்சியான முடிவோடும் வந்தது. அந்த முடிவில் வரும் மலைக்காட்சிகள் ஸ்டான்லி குப்ரிக் ‘தி ஷைனிங்’ படத்துக்காக எடுத்துப் பயன்படுத்தாமல் விட்டவை. 1992இல் இயக்குநர் வடிவம் என்ற பெயரிலேயே ஒன்று வந்தது. ஆனால் இயக்குநர் ரிட்லி ஸ்காட் முழுப் பொறுப்போடு செய்துமுடித்தது 2007இன் இறுதி வடிவம்தான். அதிலிருந்து தொடங்குங்கள். நேரெதிராக, ஹிட்ச்காக்கின் ‘வெர்ட்டிகோ’வுக்கு நடந்த 1996 மீட்பில் நிறங்களை அற்புதமாகக் காப்பாற்றிவிட்டு, காலடி, கதவு போன்ற ஒலிகளைப் புதிதாகப் பதிவு செய்து ஸ்டீரியோவாக்கினார்கள். பழைய மோனோ தடத்தோடு கிடைக்கும் பிரதி இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: பழைய படத்தில் மெல்லிய மணல்போல் துகள் அசைவது பழுதல்ல. அதுதான் பிம்பமே. அதை மென்பொருளால் துடைத்தெடுத்த பிரதிகளில் நடிகர்களின் முகம் மெழுகுபோல் இருக்கும்.

நாவல்களில் வேகமாகப் போகிறேன். ஆசிரியர் தானே மாற்றினார் என்றால் இரண்டும் அவருடையவை. பிறர் மாற்றினார்கள் என்றால் ஆசிரியர் பக்கம் நில்லுங்கள். மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ 1818இல் பெயரில்லாமல் வந்தது. 1831இல் அவரே திருத்தி எழுதினார். திருத்தத்தில் நாயகன் விக்டரின் செயல்களுக்கு விதியின் நிழல் கூடுகிறது. எலிசபெத் அத்தைமகள் என்ற உறவு மாறி, எடுத்து வளர்த்த பெண்ணாகிறாள். நான் 1818இன் ஆள். அதில் விக்டர் தன் தவற்றைத் தானே செய்கிறான். கடைகளில் நெடுங்காலம் கிடைத்தது 1831தான் என்பதால், நீங்கள் படித்தது எது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். 1860–61இல் வாரத்தொடராக வந்த அந்த நாவலுக்கு டிக்கன்ஸ் முதலில் எழுதிய முடிவில், மறுமணம் செய்துகொண்ட எஸ்டெல்லாவை, அவளை நேசித்த நாயகன் பிப் லண்டன் தெருவில் சந்தித்து, இரண்டு வார்த்தை பேசிப் பிரிகிறான். நண்பர் புல்வர் லிட்டன் சொன்னதைக் கேட்டு, இடிந்த வீட்டின் தோட்டத்தில் இருவரும் கைகோத்து வெளியேறும்படி மாற்றினார். பழைய முடிவு அவர் இறந்த பிறகு அவருடைய வாழ்க்கை வரலாற்றில் வெளியானது. விமர்சகர்கள் பலர் பழைய முடிவைத்தான் உயர்த்துகிறார்கள். எனக்கு அந்த உறுதி இல்லை. அச்சில் வந்த முடிவையும் டிக்கன்ஸ் முழுமனதோடுதான் எழுதினார். அதன் கடைசி வரியை மறுபதிப்பில் மீண்டும் தொட்டுத் திருத்தியிருக்கிறார். விருப்பமில்லாமல் எழுதியவர் அவ்வளவு பாடுபட மாட்டார்.

பிறர் கைவைத்ததற்குச் சிரிப்பான உதாரணம் தாமஸ் ஹார்டியின் ‘டெஸ்’. 1891இல் ‘தி கிராஃபிக்’ வார இதழில் தொடராக வந்தபோது, வெள்ளம் தேங்கிய பாதையில் ஏஞ்சல் பால்காரப் பெண்களைக் கைகளில் தூக்கிக் கடக்கும் காட்சி குடும்பப் பத்திரிகைக்கு ஆகாது என்று, அவன் அவர்களைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிப்போகும்படி மாற்ற நேர்ந்தது. புத்தகத்தில் ஹார்டி கைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சிரிக்க முடியாத உதாரணம் ஆண்டனி பர்ஜெஸ்ஸின் ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’. 1962இல் இங்கிலாந்தில் 21 அத்தியாயங்களோடு வந்தது. அமெரிக்கப் பதிப்பகம் கடைசி அத்தியாயத்தை நீக்கியே வெளியிட்டது. அங்கே அது சேர்க்கப்பட்டது 1986இல்தான். இளைஞன் வன்முறையில் சலித்து வளர்ந்துவிடும் அத்தியாயம் அது. குப்ரிக்கின் 1971 படம் அதற்கு முன்பே நின்றுவிடுகிறது. படம் பார்த்தவர்களுக்கும் 21 அத்தியாயம் படித்தவர்களுக்கும் இடையே நடக்கும் வாதங்களில் பாதி, இருவரும் ஒரே கதையைப் பற்றிப் பேசவில்லை என்று தெரியாததால் வருவது. முதலில் நாவலை முழுதாகப் படியுங்கள், பிறகு படம். காஃப்காவின் ‘விசாரணை’யில் எந்தக் கட்சியும் எடுக்க வழியில்லை: முடிக்காமல் தனித்தனிக் கட்டுகளாக விட்டுப்போன அத்தியாயங்களை 1925இல் வரிசைப்படுத்தி வெளியிட்டவர் நண்பர் மாக்ஸ் பிராட். தொடக்கமும் முடிவும் காஃப்கா எழுதியவை. நடுவிலுள்ள வரிசைக்கு பிராட்தான் பொறுப்பு.

கடைசியாக, கையில் இருப்பது எது என்று கண்டுபிடிக்கும் வழி. பாட்டென்றால் ஆல்பத்தின் பெயரைவிட நீளத்தைப் பாருங்கள். ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ நான்கரை நிமிடத்தை ஒட்டி இருந்தால் ஸ்டீரியோ, நான்கைத் தொடாவிட்டால் மோனோ. ‘லவ் மீ டூ’வில் தாம்பரீன் (சலங்கை பொருத்திய கைப்பறை) ஒலித்தால் அது 1962 செப்டம்பர் 11 அன்று ஆண்டி ஒயிட் டிரம்ஸ் வாசித்த ஆல்பப் பதிவு, தாம்பரீன் இல்லாமல் ரிங்கோவே டிரம்ஸ் வாசித்திருந்தால் ஒரு வாரம் முன்பு பதிவாகி முதல் சிங்கிளில் வந்தது. படமென்றால் ஓட்ட நேரத்தையும் மீட்பு நடந்த ஆண்டையும் பாருங்கள். திரையின் அகலவிகிதம் பழைய படத்துக்குரியதா, நடிகர்களின் தலை மேலே வெட்டுப்படுகிறதா என்று முதல் ஐந்து நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். நாவலென்றால் முன்னுரைக்குப் பின்னால் ‘பாடம் பற்றிய குறிப்பு’ என்று ஒரு பக்கம் இருக்கும். அந்தப் பக்கம் இல்லாத பதிப்பை, விலை மலிவாக இருந்தாலும், நான் வாங்குவதில்லை.